அன்ரனாவின் மறுபாதி: வீட்டு வண்டிகளிற் குடிமக்கள் வானொலி

வானொலி என்றதும், நிலையத்திலிருந்து ஒருவர் பேசப் பல்லாயிரம் பேர் கேட்டிருக்கும் ஒருவழிச் சாதனமே நம்மிற் பெரும்பாலோரின் நினைவுக்கு வருகின்றது. பேசுவோர் சிலர், கேட்போர் பலர் என்ற இப்பிரிவினையைச் சட்டமும் பொருளாதாரமுமே வகுத்தன. மின்காந்த அலையின் இயல்பில் அத்தகைய ஏற்றத்தாழ்வு எதுவும் இல்லை. இப்பிரிவினையைச் சிறிதளவேனும் தளர்த்திய முயற்சிகளுள் ஒன்று, ஐக்கிய அமெரிக்காவிலே தோன்றி வளர்ந்த ‘குடிமக்கள் அலைவரிசை’ வானொலி ஆகும். சி.பி. என்ற சுருக்கப் பெயரால் வழங்கும் இவ்வானொலியை, மோட்டார் வீடு எனப்படும் வீட்டு வண்டியிற் பொருத்தும்போது எழும் ஒரு தொழினுட்பப் பிரச்சினையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். பிரச்சினை சிறிதாயினும், அதனூடாக அன்ரனா பற்றிய ஓர் அடிப்படை உண்மையை நாம் தெளிவாகக் கண்டுகொள்ளலாம்.

வரலாற்றுப் பின்னணி

இரண்டாம் உலகப் போரின் முடிவில், 1945ஆம் ஆண்டிலே, ஐக்கிய அமெரிக்க மத்திய தொடர்பாடல் ஆணைக்குழு பொதுமக்களின் சொந்தத் தேவைக்கென 460 மெகா ஏட்சுக்கு மேற்பட்ட மீடிறன் வீச்சு ஒன்றை ஒதுக்கியது. அன்றைய நிலையில் அம்மீடிறனிற் செயற்படும் கருவிகள் விலை மிகுந்தவை. ஆதலால் உரிமை ஏட்டளவிலேயே நின்றது. 1958ஆம் ஆண்டிற் பரிசோதனை வானொலியாளர் பயன்படுத்தி வந்த 27 மெகா ஏட்சு வீச்சு இதற்கென மாற்றப்பட்டு, 23 அலைவரிசைகள் திறக்கப்பட்ட பின்னரே, சாதாரண உழைப்பாளி ஒருவர் வாங்கக்கூடிய விலையில் வானொலித் தொகுதிகள் சந்தைக்கு வந்தன.

எனினும் இவ்வானொலியை நாடறியச் செய்தது 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடியே. எரிபொருட் தட்டுப்பாடும், 1974ஆம் ஆண்டின் தொடக்கத்திலே கொண்டுவரப்பட்ட மணிக்கு 55 மைல் என்ற வேகக் கட்டுப்பாடும் நெடுந்தூர லொறிச் சாரதிகளின் பிழைப்பை நேரடியாகத் தாக்கின. எந்த நிலையத்தில் எரிபொருள் உண்டு, எந்த வளைவிற் பொலிசார் காத்திருக்கின்றனர் என்பவற்றை அவர்கள் இவ்வானொலி மூலமே பரிமாறிக்கொண்டனர். 1973 டிசம்பரில் ஒஹையோ, பென்சில்வேனியா முதலிய மாநிலங்களில் நெடுஞ்சாலைகளை மறித்து நடந்த லொறிச் சாரதிகளின் போராட்டங்களை ஒருங்கிணைப்பதிலும் இதற்குப் பங்கு உண்டு. பயன்படுத்துவோர் தொகை பெருகவே, 1977 ஜனவரி முதலாந் திகதி தொடக்கம் அலைவரிசைகள் 40 ஆக உயர்த்தப்பட்டன. 1983ஆம் ஆண்டில் அனுமதிப்பத்திர முறையும் கைவிடப்பட்டது.

கைத்தொலைபேசி பரவிய பின்னர் இவ்வானொலியின் செல்வாக்குச் சுருங்கியது. ஆயினும் அது மறைந்துவிடவில்லை. 19ஆம் அலைவரிசையில் லொறிச் சாரதிகள் இன்றும் உரையாடுகின்றனர். 9ஆம் அலைவரிசை அவசர உதவிக்கும் வழிப்பயணிகளுக்கான உதவிக்கும் ஒதுக்கப்பட்டுள்ளது. நெவாடா, யூற்றா போன்ற மேற்கு மாநிலங்களின் பாலைநிலங்களிலும் மலைக் கணவாய்களிலும் கைத்தொலைபேசிக்கு அலை எட்டாத நீண்ட பாதைகள் உள்ளன. அங்கே முன்னாற் செல்லும் லொறியின் சாரதி தரும் எச்சரிக்கைக்கு ஈடாக வேறொன்றில்லை.

வீட்டு வண்டி என்பது உல்லாசப் பயணத்துக்குரிய செல்வச் சின்னம் என்று மட்டும் கருதுதல் பொருந்தாது. 2008ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சியிலே வீட்டையும் சேமிப்பையும் இழந்த முதியோர் பலர், பழைய வண்டிகளையே வீடாகக் கொண்டு, களஞ்சியங்களிலும் கிழங்கு அறுவடையிலும் பருவகால வேலை தேடி அலைவதை ஜெசிக்கா புறூடர் 2017ஆம் ஆண்டில் வெளியான ‘நோமாட்லாண்ட்’ என்னும் நூலில் விரிவாகப் பதிவு செய்துள்ளார். தனித்த சாலையில் வண்டி பழுதுபட்டு நிற்கும் இத்தகையோருக்குத் தமது குரல் எத்தனை கிலோமீற்றர் எட்டும் என்பது பொழுதுபோக்கு வினாவன்று.

நால்வருக்கும் ஒரே 4 உவாற்று

சி.பி. வானொலியின் சிறப்பியல்பு ஒன்றை ஈண்டு மனங்கொள்ளுதல் வேண்டும். வழக்கமான வீச்சப் பண்பேற்ற முறையிற் பேசும் எந்தத் தொகுதியும் 4 உவாற்றுக்கு மேற்பட்ட காவியலை வலுவைச் செலுத்தலாகாது என்பது சட்டம். விலையுயர்ந்த தொகுதிக்கும் மலிவான தொகுதிக்கும் இவ்வெல்லை ஒன்றே. எனவே ஒருவருடைய குரல் 2 கிலோமீற்றரில் அடங்கிப் போவதும் மற்றொருவருடைய குரல் 15 கிலோமீற்றர் வரை செல்வதும் பெரும்பாலும் தொகுதியின் விலையால் நேர்வனவல்ல. நிலத்தின் மேடுபள்ளங்களை ஒருபுறம் வைத்தால், வேறுபாட்டுக்குக் காரணம் அன்ரனாவே.

இந்த எல்லையை மீறி வலுப்பெருக்கிகளைப் பொருத்துவோர் உண்டு. அது சட்டவிரோதம் என்பதோடு, பயனும் பாதியே. வலுப்பெருக்கி நமது குரலைப் பெரிதாக்குமேயன்றி, தொலைவிலுள்ளவரின் மெல்லிய குரலை நாம் கேட்பதற்கு எவ்வகையிலும் உதவாது. நல்ல அன்ரனாவோ செலுத்தும்போதும் வாங்கும்போதும் ஒரே அளவில் நன்மை தருவது. ஆகவே வீட்டு வண்டிக்காரர் ஒருவர் தமது பணத்தையும் உழைப்பையும் முதலிற் செலவிட வேண்டிய இடம் அன்ரனாதான் என்பதில் ஐயமில்லை.

கோல் பாதி, வண்டி பாதி

27 மெகா ஏட்சு மீடிறனில் அலைநீளம் ஏறக்குறைய 11 மீற்றர். இயல்பாகவே பரிவு கொள்ளும் எளிய அன்ரனா அரை அலைநீளம் கொண்டது, அதாவது 5.5 மீற்றர் நீளமான, நடுவிலே ஊட்டப்படும் இருபாதிக் கம்பி. ஒரு பாதியில் ஓட்டம் மேல்நோக்கிப் பாயும் கணத்தில் மறுபாதியிலிருந்து அதே அளவு ஓட்டம் ஊட்டு முனைக்கு வந்து சேர்கின்றது. மின்னேற்றம் எங்கிருந்தோ வந்தாலன்றி எங்கும் செல்ல இயலாது. இந்த எளிய விதியே அன்ரனாவின் அடிப்படை.

வாகனத்தில் 5.5 மீற்றர்க் கம்பியை நிமிர்த்தி வைக்க முடியாது. எனவே கால் அலைநீளமான 2.75 மீற்றர்க் கோலை மட்டும் நிறுத்தி, மறுபாதியின் வேலையை வாகனத்தின் உலோக உடலிடம் ஒப்படைக்கின்றோம். ஓரச்சு வடத்தின் உட்கடத்தி கோலுடனும் வெளிக்கடத்தி உலோக உடலுடனும் இணைக்கப்படுகின்றன. கோலின் அடியைச் சுற்றிப் பரந்துள்ள அவ்வுலோகப் பரப்பு ‘புவித்தளம்’ எனப்படும். பெயரிற் புவி இருப்பினும், றப்பர்ச் சில்லுகளின் மேல் நிற்கும் வாகனத்துக்கு மண்ணோடு கடத்தித் தொடர்பு ஏதும் இல்லை. உலோகப் பரப்பு தனது பருமனாலும் நிலத்துடனான கொள்ளளவத் தொடர்பாலுமே மறுபாதியாகத் தொழிற்படுகின்றது.

சாதாரண மோட்டார்க் காரின் உருக்குக் கூரை நடுவிலே கோலை நிறுத்தினால் மறுபாதி தானாகவே அமைந்துவிடும். காந்த அடித்தட்டுள்ள அன்ரனாவைக் கூரையில் வைத்தமாத்திரத்தே அது வேலை செய்வதன் இரகசியம் இதுவே. வாங்குபவர் அன்ரனாவில் ஒரு பாதிக்கு மட்டுமே விலை கொடுக்கிறார். மற்றப் பாதி அவரிடம் ஏற்கெனவே உள்ளது.

வீட்டு வண்டியின் நிலை வேறு. அலுமினியத் தகட்டால் உடல் அமைந்த எயார்ஸ்ட்ரீம் போன்ற சிலவற்றை விட்டுவிட்டால், இவற்றின் சுவரும் கூரையும் பெரும்பாலும் கண்ணாடியிழை, மெல்லிய பலகை, நுரைப்பொருள் என்பவற்றை அடுக்கி ஒட்டியவை; கூரைக்கு றப்பர் விரிப்பிடுவதும் உண்டு. உள்ளே அலுமினியச் சட்டங்களோ மரச் சட்டங்களோ இருக்கலாம். அவை தம்முள்ளும் அடிச்சட்டத்தோடும் நன்கு இணைந்திருக்கும் என்பதற்கு உறுதியில்லை. உருக்கினாலான அடிச்சட்டம் கூரையிலிருந்து இரண்டு மூன்று மீற்றர் கீழே கிடக்கின்றது. இத்தகைய கூரையில் காருக்குரிய அன்ரனாவை நிறுத்துபவர் தம்மையறியாமல் அரை அன்ரனாவையே நிறுத்துகின்றார். அப்போது ஓட்டம் மறுபாதியைத் தேடி வடத்தின் வெளிப்புறம் வழியே வண்டிக்குள் இறங்கி, மின்கலவடுக்குக் கம்பிகளிலும் ஒலிவாங்கி வடத்திலும் புகுந்துவிடும். குரலிற் சீழ்க்கையொலி கலத்தல், பேசும்போது வேறு கருவிகள் தடுமாறுதல் முதலியன இதன் அறிகுறிகள்.

மானி சொல்வதும் சொல்லாததும்

அன்ரனாவைச் சோதிக்க எல்லோரும் கையாளும் கருவி நின்ற அலை விகித மானி. தொகுதியும் வடமும் 50 ஓம் தடங்கலுக்கென அமைக்கப்பட்டவை. அன்ரனாவின் தடங்கல் இதனின்று மாறுபடும் அளவுக்கு வலுவின் ஒரு பகுதி தெறித்துத் திரும்பும். விகிதம் 1.5 ஆயின் 4 சதவீதமும், 2 ஆயின் 11 சதவீதமும், 3 ஆயின் 25 சதவீதமும் தெறிக்கும். 3க்கு மேற்பட்ட விகிதத்தில் தொடர்ந்து பேசினால் தொகுதியின் இறுதிப்படித் திரான்சிஸ்றர் பழுதடையவும் கூடும். எனவே மானியை அலட்சியம் செய்ய முடியாது.

ஆனால் மானி காட்டும் நல்ல எண்ணை நல்ல அன்ரனாவுக்குச் சான்றாகக் கொள்வதே பலரும் விடும் தவறு. திரும்பி வராத வலு எவ்வளவு என்பதை மட்டுமே மானி அறியும். அவ்வலு வானிற் சென்றதா, வெப்பமாக அழிந்ததா என்பதை அது அறியாது. 50 ஓம் தடையொன்றை வடத்தின் முனையில் இணைத்தால் மானி 1 என்னும் குறைவற்ற விகிதத்தைக் காட்டும். அதிலிருந்து குரல் அடுத்த தெருவுக்கும் எட்டாது.

இதனை ஒரு கணக்கால் விளக்கலாம். 1.2 மீற்றர் நீளமும் அடியிலே சுருளும் உடைய குறுகிய கோல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இத்தகைய கோலின் கதிர்வீசல் தடை ஏறக்குறைய 5 ஓம் மட்டுமே. புவித்தளம் செம்மையற்ற கூரையில் சுருளின் இழப்பும் தள இழப்பும் சேர்ந்து 45 ஓம் எனக் கொள்வோம். மொத்தம் 50 ஓம். மானி 1 எனக் காட்டும். ஆனால் வலுவிற் பத்திலொரு பங்கே அலையாகின்றது. 4 உவாற்றில் 0.4 உவாற்று வானுக்கும் 3.6 உவாற்று வெப்பத்துக்குமாகப் பிரிகின்றன.

இப்போது புவித்தளத்தைத் திருத்தி மொத்த இழப்பை 10 ஓமுக்கு இறக்கிவிட்டோம் எனக் கொள்வோம். மொத்தத் தடை 15 ஓம். மானி 3.3 என்ற கெட்ட விகிதத்தைக் காட்டும். அன்ரனா திருந்தியது, மானியோ கெட்டுவிட்டதாகச் சொல்கின்றது! கோலின் அடியில் ஏற்றதொரு இசைவாக்கும் சுருளை இணைத்து 15 ஓமை 50 ஓமாக மாற்றினால், மானியும் சீராகும். வலுவில் மூன்றிலொரு பங்கும், அதாவது ஏறக்குறைய 1.3 உவாற்று, அலையாகும். அதே 10 ஓம் இழப்புள்ள தளத்தில் 36 ஓம் கதிர்வீசல் தடையுடைய முழுக் கால் அலைநீளக் கோலை நிறுத்தின், 4 உவாற்றில் 3 உவாற்றுக்கு மேல் அலையாகும். ஒரே தொகுதி, ஒரே 4 உவாற்று, விளைவோ 0.4 முதல் 3 வரை வேறுபடுகின்றது. சட்டத்தை மீறி வாங்கும் வலுப்பெருக்கி தருவதாகச் சொல்லும் இலாபத்தைப் புவித்தளமும் கோலின் நீளமும் சட்டத்துக்குட்பட்டே தந்துவிடுகின்றன.

மறுபாதியை அமைக்கும் வழிகள்

வீட்டு வண்டியில் இம்மறுபாதியைப் பெறுவதற்கு நடைமுறையில் நான்கு வழிகள் உள.

முதலாவது, உள்ள உலோகத்தைத் தேடிச் செல்லுதல். சாரதி இருக்கையின் மேற்பகுதி லொறி முகப்பாகவே அமைந்த வண்டிகளிலே, அம்முகப்பின் உருக்குப் பகுதியில் அல்லது கதவருகே கண்ணாடி தாங்கும் உருக்குக் கையில் அன்ரனாவைப் பொருத்தலாம். தாங்கிக்கும் உடலுக்கும் இடையிலுள்ள வர்ணப்பூச்சைச் சுரண்டி, உலோகம் உலோகத்தைத் தொடச் செய்தல் அவசியம்.

இரண்டாவது, பின்புற ஏணியில் பொருத்துதல். பலரும் நாடும் இடம் இது. பலரும் ஏமாறும் இடமும் இதுவே. ஏணி அலுமினியமாயினும் அது கண்ணாடியிழைச் சுவரில் திருகாணிகளால் தொங்குகின்றதேயன்றி அடிச்சட்டத்தோடு இணைந்திருப்பதில்லை. ஏணியின் அடியிலிருந்து அடிச்சட்டத்துக்கு அகன்ற செப்புப் பின்னற் பட்டையால் இணைப்புக் கொடுத்தல் வேண்டும். இங்கே ஓம்மானி காட்டும் பூச்சியத் தடையை நம்பியிருத்தல் தகாது. ஒரு மீற்றர் நீளமான மெல்லிய கம்பிக்கு நேரோட்டத்தில் தடை இல்லாதது போலத் தோன்றினும், அதன் தூண்டல் ஒரு மைக்ரோ ஹென்றிக்குக் குறையாது; 27 மெகா ஏட்சில் அது 170 ஓமுக்கு மேற்பட்ட எதிர்ப்பாகும். பட்டை அகன்றதாயின் இவ்வெதிர்ப்பு ஓரளவு குறையும். குறுகியதாயின் மேலும் குறையும். இரண்டு மூன்று இடங்களிற் பட்டையிட்டால் இன்னும் நன்று. செம்பும் அலுமினியமும் நேரே தொடுமிடத்து ஈரத்தால் அரிப்பு ஏற்படுமாதலால் வெள்ளீயம் பூசிய பட்டையையும் துருப்பிடிக்காத உருக்கு வளையங்களையும் பயன்படுத்தி, இணைப்பின் மேல் களிம்பு பூசுதல் நலம்.

மூன்றாவது, கூரையிலே தளத்தை நாமே படைத்தல். கோலின் அடியிலிருந்து நாற்புறமும் 2.7 மீற்றர் அளவான கம்பிகளைப் பரப்பி, அவற்றின் உள்முனைகளை வடத்தின் வெளிக்கடத்தியோடு இணைக்கலாம். வண்டியின் அகலம் 2.6 மீற்றருக்கு மேற்படாதாகையால் குறுக்கே செல்லும் கம்பிகளை ஓரத்திலே மடித்து நீளவாக்கிற் கொண்டுசெல்ல வேண்டியிருக்கும். எதிரெதிர்த் திசைகளிற் சமமாக அமைத்தலே முக்கியம். இவற்றின் வெளிமுனைகளில் அழுத்தம் உயருமாதலால் அவற்றைக் காவலி நாடாவாற் பொதிந்துவிட வேண்டும். கூரையின் உட்புறம் திறந்திருக்கும் திருத்தவேலைக் காலத்தில் அலுமினியத் தகடு விரித்தலும் இவ்வகையினதே.

நான்காவது, மறுபாதி வேண்டாத அன்ரனாவைத் தேர்தல். ‘தளம் வேண்டா வகை’ எனச் சந்தையில் விற்கப்படும் இவற்றில் மாயம் ஏதுமில்லை. இவற்றுட் பலவற்றில் உடன் தரப்படும் வடத்தின் வெளிக்கடத்தியே குறித்த நீளத்துக்கு மறுபாதியாக வேலை செய்கின்றது. ஆதலால் அவ்வடத்தை வெட்டிக் குறுக்கவோ வேறொன்றை மாற்றியிடவோ கூடாது. எஞ்சிய வடத்தை இறுகிய வளையமாகச் சுருட்டி வைப்பதும் தவறு. இவ்வகை அன்ரனாவை உலோகக் கூரையில் நிறுத்தினாலும் கணக்குக் குலையும். திறனில் இவை நல்ல தளத்தில் நிற்கும் முழுக்கோலுக்கு ஈடாகா. ஆனால் தளமற்ற கூரையில் நிற்கும் சாதாரணக் கோலைவிட மேலானவை.

முதல் மூன்று வழிகளிலும் வடத்தின் வெளிப்புறத்தே ஓட்டம் இறங்குவதைத் தடுக்க, கோலின் அடியருகே வடத்தை ஐந்தாறு சுற்றுச் சுற்றிக் கட்டலாம், அல்லது பெரைற்று வளையங்களைக் கோக்கலாம். நான்காம் வழியில் உற்பத்தியாளர் கூறாதவிடத்து இதனைச் செய்யலாகாது. அங்கே வடத்தின் வெளிப்புறம் அன்ரனாவின் உறுப்பே ஆகும்.

இடமும் உயரமும்

கோல் நீளமாயிருத்தல் நன்று என்பதைக் கணக்கிற் கண்டோம். எனினும் வீட்டு வண்டியின் கூரையே மூன்றரை மீற்றர் உயரத்தை எட்டுவதுண்டு. பல மாநிலங்களில் வாகன உயரத்துக்கு 13 அடி 6 அங்குலம், அதாவது ஏறக்குறைய 4.1 மீற்றர் என்ற எல்லை உள்ளது. பழைய பாலங்களும் சாலையோர மரக்கிளைகளும் இவ்வெல்லையைக்கூட மதிப்பதில்லை. ஆகவே கூரையில் நிற்கும் முழுக்கோல் பொருந்தாது. மடித்துச் சாய்க்கக்கூடிய தாங்கியிலோ வில்லடியிலோ நிற்கும் 1 முதல் 1.5 மீற்றர்க் கோல் நடைமுறைக்கு உகந்த சமரசம். அத்தகைய குறுங்கோல்களிலே சுருள் அடியிலிருப்பதைவிட நடுவிலோ உச்சியிலோ இருத்தல் மேலானது. சுருளுக்குக் கீழுள்ள பகுதியிலேயே ஓட்டம் மிகுந்திருக்கும், அலையைப் பிறப்பிப்பதும் அவ்வோட்டமே.

பின்புறத் தாங்குசட்டத்திலிருந்து முழுக் கால் அலைநீளக் கோலை நிறுத்துவதும் உண்டு. அங்கே அடிச்சட்டம் அருகில் இருப்பதால் மறுபாதி எளிதிற் கிடைக்கும். ஆனால் கோலின் கீழ்ப்பகுதி வண்டியின் பின்சுவரை ஒட்டியே நிற்கும். சுவர் அலுமினியமாயின் இது பரிவை மாற்றி அலையையும் மறைக்கும். கண்ணாடியிழையாயின் தீங்கு குறைவு. கூரையிற் குளிரூட்டிப் பெட்டி, சூரியக் கலத் தட்டு முதலியவற்றிலிருந்து கோலை இயன்றவரை விலக்கி வைத்தல் வேண்டும். பொதுவாக, கோலிலிருந்து உலோகம் மிகுதியாகப் பரந்துள்ள திசையிலேயே அலை வலுவாகச் செல்லும். பின் இடது மூலையில் நிற்கும் கோல் முன் வலது திசையை ஆதரிக்கும்.

லொறிகளின் இரு கண்ணாடிகளிலும் நிற்கும் இரட்டைக் கோல்களைப் பார்த்து அவ்வாறே செய்ய விரும்புவோர் பலர். இரு கோல்களுக்கும் இடையே கால் அலைநீள அளவு இடைவெளி இருந்தால் அலை சாலையின் முன்னும் பின்னும் ஓரளவு செறிவதுண்டு. இதற்கென 75 ஓம் வடங்கள் இரண்டு தனித்தனியே 50 ஓமை ஏறக்குறைய 112 ஓமாக மாற்றி, இரண்டும் சமாந்தரமாக இணையும்போது 56 ஓம் தருகின்றன. ஏற்பாடு அழகியதே. ஆனால் தளமற்ற வண்டியில் ஒரு கோலுக்கில்லாத மறுபாதி இரு கோல்களுக்கும் இல்லை. குறை இரட்டிப்பதேயன்றி நிறைவதில்லை. முதலில் ஒரு கோலைச் செம்மையாக நிறுத்துவதே அறிவுடைமை.

பரிவுக்குக் கொண்டுவருதல்

பொருத்தி முடிந்ததும், கட்டிடங்களும் வேறு வாகனங்களும் இல்லாத வெளியில் வண்டியை நிறுத்தி, கதவுகளை மூடி, 1ஆம், 20ஆம், 40ஆம் அலைவரிசைகளில் மானியைப் பார்க்க வேண்டும். இவற்றின் மீடிறன்கள் 26.965 முதல் 27.405 மெகா ஏட்சு வரை உயர்ந்து செல்வன. 1ஆம் அலைவரிசையில் விகிதம் கூடுதலாக இருப்பின் கோல் குட்டையானது, நீட்டுக. 40ஆம் அலைவரிசையிற் கூடுதலாக இருப்பின் கோல் நீண்டது, குறுக்குக. ஒவ்வொரு முறையும் சில மில்லிமீற்றரே மாற்ற வேண்டும். மூன்றிலும் 3க்கு மேல் நின்றால், கோலைத் தொடாது மறுபாதியையும் வடத்தின் இணைப்புகளையும் ஆராய்தல் வேண்டும்.

மானிக்கு அப்பாலும் ஒரு சோதனை உண்டு. சமதரையில் அறிந்தவர் ஒருவரைக் குறித்த தொலைவில் நிறுத்தி, ஒவ்வொரு திருத்தத்துக்கும் முன்னும் பின்னும் அவருடைய தொகுதியிலுள்ள குறிவலு மானி என்ன காட்டுகின்றது எனக் கேட்டறிதல். அலை சென்றதா என்ற வினாவுக்கு அலையைப் பெற்றவரே விடை கூற வல்லவர்.

வாங்கும் பக்கத்தில் இரைச்சலும் பெருந்தடை. தொகுதியின் மின்வழங்கலை வண்டியின் மின்கலவடுக்கிலிருந்து நேரே தடித்த கம்பிகளாற் கொண்டுவருதல், சூரியக் கல ஏற்றுக்கருவி, மின்மாற்றுக் கருவி என்பவற்றை ஒவ்வொன்றாக நிறுத்தி இரைச்சலின் பிறப்பிடத்தைக் கண்டறிதல் என்பன பயன் தரும். இரைச்சலில் மூழ்கிய காதுக்கு எந்த அன்ரனாவும் உதவாது.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. முகாமிடும் இடங்களில் நெடிய தூண்களிலே அன்ரனாவை உயர்த்துவோர், மேலே செல்லும் மின்கம்பிகளை நோக்காது உயிரிழந்த சம்பவங்கள் பல நேர்ந்தன. அதனாலேயே நிலையான சி.பி. அன்ரனாக்களுக்கென ஐக்கிய அமெரிக்க நுகர்வோர் உற்பத்திப் பாதுகாப்பு ஆணைக்குழு 1982ஆம் ஆண்டில் ஒரு பாதுகாப்பு நியமத்தை வகுத்தது. தூணும் அன்ரனாவும் எப்பக்கம் சரிந்தாலும் கம்பியைத் தொடாத தூரத்திலன்றி எதனையும் உயர்த்தலாகாது. இடி மின்னற் காலத்தில் கோலைச் சாய்த்து வைத்தலும் அவசியம்.

முடிவுரை

சந்தை நமக்குக் கண்ணுக்குத் தெரியும் பாதியையே விற்கின்றது: பளபளக்கும் கோல், பெரிய சுருள், விலையுயர்ந்த தொகுதி. கண்ணுக்குத் தெரியாத மறுபாதியை விற்பார் இல்லை; அதனை அறிந்தவர் ஒரு முழச் செப்புப் பட்டையாலும் சில மீற்றர்க் கம்பியாலும் தாமே அமைத்துக்கொள்கின்றனர். சட்டம் எல்லோருக்கும் ஒரே 4 உவாற்றை அளந்து கொடுத்தது. அதில் 0.4 உவாற்று மட்டும் வானுக்குச் செல்வதா, 3 உவாற்றுச் செல்வதா என்பதைத் தீர்மானிப்பது பணத்தைவிட விளக்கமே. சமமாக வழங்கப்பட்ட உரிமையும் அதனைப் பயன்படுத்தும் அறிவு பரவாதவிடத்துச் சமமாகப் பயன்படுவதில்லை. ஆளரவமற்ற கணவாயில், இரவிலே பழுதுபட்டு நிற்கும் பழைய வீட்டு வண்டிக்குள் இருந்து ஒரு முதியவர் 9ஆம் அலைவரிசையில் உதவி கேட்கும்போது, அவர் குரலை மலைக்கு அப்பாலுள்ள லொறிச் சாரதி கேட்பதும் கேளாதிருப்பதும் ஏணியின் அடியில் அந்தப் பட்டை இருக்கின்றதா என்பதைப் பொறுத்ததாக அமையலாம்.